ஜிஎஸ்டி எடுப்பதற்கு முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் காதில் இரண்டு விதமான பேச்சு விழும். "ஜிஎஸ்டி எடுக்கணும்னா பெரிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடணும், ஆடிட்டர் இல்லாமல் நடக்காது" என்பது ஒன்று. "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், ஆதாரும் பான் கார்டும் கொடுத்தால் கம்ப்யூட்டர் சென்டரிலேயே நம்பர் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்" என்பது இன்னொன்று. முதல் பேச்சு தவறு. இரண்டாவது பேச்சு பாதிதான் சரி. ஆனால் பின்னாளில் அதிகத் தொல்லை கொடுப்பது அந்த இரண்டாவது பேச்சுதான்.

ஜிஎஸ்டி இணையதளத்தில் தொழில் திட்டத்தைப் பதிவேற்ற ஒரு கட்டம்கூடக் கிடையாது. பதிவுக்கு அரசுக் கட்டணமும் கிடையாது. அப்புறம் எதற்குத் திட்டம்? விண்ணப்பம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தொழிலைப் பற்றி நீங்கள் முன்பே எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவு. நீங்கள் எடுக்காவிட்டால், விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறவர் தனக்குப் பழக்கமான பதிலைப் போட்டுவிடுவார். எண் கைக்கு வந்துவிடும். அந்தப் பதில்களின் விளைவு வருடக்கணக்கில் உங்களோடு இருக்கும். அதனால்தான் விண்ணப்பத்துக்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். அது யாரிடமும் கொடுக்க வேண்டிய காகிதம் இல்லை, உங்களுக்கானது.

## ஒரே பேச்சில் அடிபடும் நான்கு காகிதங்கள்

தொழில் தொடங்கும்போது நான்கு வெவ்வேறு இடங்களுக்கு விவரம் போகிறது. நான்கையும் சேர்த்து "ரிஜிஸ்ட்ரேஷன்" என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம்.

வங்கிக்குப் போவது ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அதாவது திட்ட அறிக்கை. இயந்திரம் என்ன விலை, கடன் எவ்வளவு, எத்தனை வருடத்தில் திருப்பிக் கட்டுவீர்கள், லாபம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். மாவட்டத் தொழில் மையம் வழியாக நீட்ஸ், பிஎம்இஜிபி போன்ற மானியக் கடனுக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள்.

தொழிலை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்வதானால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு ஸ்பைஸ் பிளஸ் என்ற விண்ணப்பம் போகும். கம்பெனியின் பான் எண்ணும், சம்பளம், வாடகை போன்றவற்றில் வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் எண்ணும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். வேண்டுமானால் ஜிஎஸ்டிக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

உத்யம் என்பது சிறு, குறு தொழில் என்ற அடையாளம். இலவசம், நீங்களே விவரம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கும் வரிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உத்யம் சான்றிதழைக் காட்டி "எங்களிடம் ஜிஎஸ்டி இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நான்காவதுதான் ஜிஎஸ்டி பதிவு. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சரக்கு மற்றும் சேவை வரியை வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் அதிகாரத்தையும் பொறுப்பையும் அது உங்களுக்குத் தருகிறது. அப்போது கிடைக்கும் 15 இலக்க எண்ணைத்தான் ஜிஎஸ்டி நம்பர் என்கிறோம். முதல் 2 இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த 10 இலக்கம் உங்கள் பான் எண்ணேதான். பான் யாருடையதோ, ஜிஎஸ்டி எண்ணும் அவருடையது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: லாபக் கணக்கும் கடன் கணக்கும் வங்கிக்கு, வரித் துறைக்கு வேண்டியது வேறு. அது என்ன?

## வரித் துறை உண்மையில் என்ன கேட்கிறது?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசப் போகிறோம். சமையல்காரர் மாப்பிள்ளை வீட்டுக் கதையைக் கேட்க மாட்டார். எத்தனை பேர், எந்த மண்டபம், எந்தெந்த வேளை, என்ன பதார்த்தம், சாமான் நீங்கள் வாங்குகிறீர்களா நான் வாங்கவா என்று கேட்பார். ஐந்தே கேள்விதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்காமல் போனால் ஐந்துக்கும் பதில் தடுமாறும். "ஒரு முந்நூறு பேர் வருவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால், சாமான் பட்டியல் அப்படியேதான் வரும்.

ஜிஎஸ்டி விண்ணப்பமும் இப்படித்தான் கேட்கிறது. யார் நடத்துகிறார்கள், எங்கே நடக்கிறது, என்ன விற்கிறீர்கள், எப்போதிருந்து, எந்த முறையில் வரி கட்டுவீர்கள். தொழில் வெற்றி பெறுமா என்று அது கேட்பதில்லை, லாபத்தையும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இன்னும் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எவ்வளவு விற்பீர்கள், யாருக்கு விற்பீர்கள், யாரிடம் வாங்குவீர்கள். விண்ணப்பத்தில் இவை நேராகக் கேட்கப்படாமல் இருக்கலாம். ஆனால் பதிவு தேவையா, எந்த முறை நல்லது என்பதை முடிவு செய்வது இந்த மூன்றுதான்.

## ஒரு மரச்செக்கு

எடுத்துக்காட்டாக, காங்கேயம் பக்கம் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு மரச்செக்கு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் ஆட்டி விற்கப் போகிறார்கள். ஊரார் தங்கள் கடலையைக் கொண்டுவந்தால் கூலிக்கும் ஆட்டிக் கொடுப்பார்கள். செக்கு வைத்திருக்கும் யாரும் "எங்க கடலையை ஆட்டிக் கொடுங்க" என்று வருகிறவரைத் திருப்பி அனுப்புவதில்லை.

மாதக் கணக்கை இப்படிப் போட்டிருக்கிறார்கள். விலை எல்லாம் உதாரணத்துக்கு, வரி சேர்க்காதது.

கடலை எண்ணெய் 600 லிட்டர், லிட்டர் 280 ரூபாய்: 1,68,000
நல்லெண்ணெய் 200 லிட்டர், லிட்டர் 400 ரூபாய்: 80,000
பிண்ணாக்கு விற்பனை: 38,000
கூலி ஆட்டிய வரவு: 14,000

மாதம் 3 லட்சம், வருடத்துக்கு 36 லட்சம்.

இதில் கடலையும் எள்ளும் வாங்கவே சுமார் 2,25,000 போய்விடும். மீதி 75,000 ரூபாயில் வாடகை, கரண்ட், ஆள் கூலி, பாட்டில் எல்லாம் கழிந்து கையில் 20,000 நின்றால் நல்லது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். "வருஷத்துக்கு ரெண்டரை லட்சம்கூட நிக்கல, நமக்கு எதுக்கு ஜிஎஸ்டி?" என்று கேட்பார்கள். ஜிஎஸ்டி பார்ப்பது கையில் நிற்பதை இல்லை, டர்ன்ஓவரை. ஒரு நிதியாண்டில் ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுக்க நடந்த மொத்த விற்பனைதான் டர்ன்ஓவர். வரி இல்லாத பொருளின் விற்பனையும், ஏற்றுமதியும்கூட அதில் சேரும். பிண்ணாக்குக்கு வரி உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. டர்ன்ஓவரில் அது வந்துவிடும். நீங்கள் வசூலிக்கும் ஜிஎஸ்டி தொகை மட்டும் சேராது.

## 40 லட்சமா, 20 லட்சமா?

"40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி தேவையில்லை" என்பது ஊர் அறிந்த செய்தி. 2019 ஏப்ரல் 1 முதல் வந்த வரம்பு அது. ஆனால் அது சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு. சேவை செய்பவர்களுக்கு வரம்பு 20 லட்சம். சரக்கும் சேவையும் கலந்து செய்தாலும் 20 லட்சம்தான். புதுச்சேரியில் சரக்குக்கும் 20 லட்சமே வரம்பு என்பதால், கடலூர் கடைக்காரருக்குப் பொருந்துவது பக்கத்து ஊர்க்காரருக்குப் பொருந்தாது. ஐஸ்கிரீம் தயாரிப்பது போன்ற சில தொழில்களுக்கும் 40 லட்சச் சலுகை கிடையாது.

இப்போது நம் செக்கைப் பாருங்கள். எண்ணெயும் பிண்ணாக்கும் மட்டும் விற்றால் வருடம் 34,32,000. 40 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் அடுத்தவர் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது சரக்கு விற்பனை ஆகாது. சொந்தப் பொருள் எதையும் விற்காமல் வேலை மட்டும் செய்து தருகிறீர்கள், அது சேவை. மாதம் 14,000 ரூபாய்தான். அந்த 14,000 வந்த உடனே வரம்பு 40 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏப்ரலில் தொடங்கி மாதம் 3 லட்சம் விற்றால் அக்டோபரில் 20 லட்சத்தைத் தாண்டுவார்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் இடைப்பட்ட விற்பனைக்கான வரி வாங்கியவரிடமிருந்து வராது, கைப்பணத்திலிருந்து போகும், அபராதம் வேறு.

இதை விண்ணப்பப் படிவம் சொல்லாது. "என்ன செய்யப் போகிறோம்" என்று ஒரு தாளில் ஒவ்வொரு வரவையும் தனித்தனி வரியாக எழுதிப் பார்க்கும்போதுதான் "கூலி" என்ற வரி கண்ணில் படும். தொழில் திட்டம் எழுதச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வரம்பே இல்லாத இடமும் ஒன்று உண்டு. வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், சில கைவினைப் பொருட்கள் போன்ற விலக்குகள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து பெங்களூரு வாடிக்கையாளருக்கு நாலு லிட்டர் எண்ணெயை கூரியரில் அனுப்புவதும் இதில் வரும். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்பதற்கு முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்கும் சிறியவர்கள் வரம்புக்குள் இருந்தால் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

ஆக, பதிவு தேவையா என்பதற்கு மூன்று விவரம் வேண்டும்: மொத்த விற்பனை எவ்வளவு, அதில் சேவை ஏதாவது இருக்கிறதா, மாநிலம் தாண்டிச் சரக்கு போகிறதா. லாபம் இந்தக் கணக்கில் எங்கும் வராது.

## என்ன விற்கிறோம் என்பதற்கு ஒரு எண்

விண்ணப்பத்தில் நீங்கள் விற்கும் முக்கியமான பொருட்கள் ஐந்தையும், சேவைகள் ஐந்தையும் குறியீட்டு எண்ணோடு சேர்க்கலாம். சரக்குக்கான எண்ணுக்கு எச்எஸ்என் என்று பெயர். சேவைக்கான எண்ணுக்கு எஸ்ஏசி. கடலை எண்ணெய் 1508, நல்லெண்ணெய் 1515, கடலைப் பிண்ணாக்கு 2305, எள் பிண்ணாக்கு 2306, கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது 9988. வரி விகிதம் இந்த எண்ணைப் பிடித்துத்தான் வருகிறது. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம்.

ஐந்து என்பதற்காக ஆறாவது பொருளை விற்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. அதே நேரம், செக்கு போடுகிறவர் விண்ணப்பத்தில் "வியாபாரம்" என்று மட்டும் இருந்து, "உற்பத்தி" என்பதே இல்லாமல் போனால், பின்னால் அதிகாரி இடத்தைப் பார்க்க வரும்போதோ, வங்கி காகிதங்களை ஒப்பிடும்போதோ கேள்வி எழும். வேறொருவருடைய விண்ணப்பத்தை நகலெடுத்து நிரப்பும்போது இப்படித்தான் ஆகிறது.

## எங்கே நடக்கிறது?

அதிகமான விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் முகவரிதான். சொந்த இடம் என்றால் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, குடிநீர் ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். வாடகை இடம் என்றால் வாடகை ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் இருக்கும் அப்படி ஒரு ரசீதும் வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தம் என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் சேர்க்க வேண்டும்.

நம் ஊரில் வழக்கமான சிக்கல் ஒன்று உண்டு. இடம் அப்பாவுடையது, இ.பி. கார்டு தாத்தா பெயரில், வீட்டு வரி பெரியப்பா பெயரில். தொழில் தொடங்கப் போகிறவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. உறவினர் இடத்தில் நடத்தலாம்; தவறில்லை. யார் பெயரில் இப்போதைய ரசீது இருக்கிறதோ அவர் வெள்ளைத் தாளில் சம்மதக் கடிதம் எழுதித் தந்து, தன் அடையாளச் சான்றையும் கொடுத்தால் போதும். ஆனால் தாத்தா காலமாகியிருந்தால் சம்மதம் தர ஆள் இல்லை. முதலில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும், அதற்கு நாளாகும். செக்கு வந்து இறங்கிய பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணெய் ஆட்டுவது ஒரு இடம், பாட்டில் அடுக்கி வைப்பது இன்னொரு இடம் என்றால், ஒன்றை முதன்மை இடமாகவும் மற்றதைக் கூடுதல் இடமாகவும் காட்ட வேண்டும். எண் கிடைத்தபின் சான்றிதழை அங்கே பார்வைக்கு மாட்டி, பெயர்ப் பலகையிலும் எண்ணை எழுத வேண்டும்.

## காம்போசிஷனா, ரெகுலரா?

பலரும் யோசிக்காமல் டிக் அடிக்கும் கட்டம் இது. நிதானமாகப் பார்ப்போம்.

ரெகுலர் முறையில் வாங்குபவரிடம் வரி வசூலிக்கிறீர்கள். நீங்கள் சரக்கும் இயந்திரமும் வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறீர்கள். இந்தக் கழிவுக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். காம்போசிஷன் என்பது சிறியவர்களுக்கான எளிய முறை. வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் டர்ன்ஓவரில் 1 சதவீதம் கட்டினால் போதும், வரம்பு ஒன்றரைக் கோடி. ஆனால் அந்த 1 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகிறது. வாங்குபவரிடம் வரி என்று தனியாக வசூலிக்க முடியாது, உள்ளீட்டு வரி வரவும் கிடையாது, வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவும் முடியாது.

செக்குக் கணக்கில் காம்போசிஷன் என்றால் வருடம் 36,000 ரூபாய். ரெகுலர் என்றால் எண்ணெய்க்கு மாதம் 12,400 வசூலாகும். கடலையும் எள்ளும் பில் போடும் வியாபாரியிடம் வாங்கினால் 5 சதவீத வீதம் 11,250 ரூபாய் வரவு கிடைக்கும். எண்ணெயைப் பொறுத்தவரை கட்ட வேண்டியது மாதம் 1,150தான். ஆனால் விவசாயியிடம் நேரடியாக வாங்கினால் அவர் வரி போட மாட்டார், உங்களுக்கு வரவும் இருக்காது. யாரிடம் வாங்குகிறோம் என்று திட்டத்தில் எழுதச் சொல்வது இதற்குத்தான்.

யாருக்கு விற்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வாசலில் வந்து வாங்கும் குடும்பங்களுக்கு உங்கள் பில்லில் வரி தனியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஜிஎஸ்டி உள்ள சூப்பர் மார்க்கெட்டுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு வரி வரவு வேண்டும். காம்போசிஷன்காரரிடம் வாங்கினால் அது கிடைக்காது என்பதால் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார்கள். உள்ளூரில் மட்டும் விற்கிற, விவசாயியிடம் நேரடியாக வாங்குகிற செக்குக்கு காம்போசிஷனே நல்லது என்பது என் கருத்து. கடைகளுக்கும் வெளியூருக்கும் அனுப்பும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தால் ரெகுலரில் தொடங்குங்கள்.

இன்னொன்று, இது யார் கண்ணிலும் படுவதில்லை. செக்கு இயந்திரத்தின் விலை 3 லட்சம் என்றால் 18 சதவீத வரி 54,000 ரூபாய். ரெகுலர் பதிவு கையில் இருக்கும்போது அந்த பில் வந்தால் 54,000 உங்கள் வரவில் சேரும். பதிவுக்கு முன்பே வாங்கிவிட்டால் சேராது. வரம்பைத் தாண்டி 30 நாட்களுக்குள் விண்ணப்பித்தவர் கையிருப்பில் உள்ள சரக்கின் வரியை வரவாக எடுக்க வழி உண்டு. இயந்திரத்துக்கு அந்த வழி இல்லை. எனவே திட்டத்தில் இயந்திரம் வாங்கும் தேதியையும் ஜிஎஸ்டி விண்ணப்பிக்கும் தேதியையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். எது முதலில் என்று தானே தெரிந்துவிடும். வரம்புக்குக் கீழே இருப்பவர்களும் விரும்பினால் பதிவு எடுக்கலாம்.

ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைப்பதை நான் சொல்ல மாட்டேன். ரெகுலர் பதிவில் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ரிட்டர்ன், அதாவது விற்பனை மற்றும் வரிக் கணக்கு, தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்குக்கூட ஒரு நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

சுருக்கிச் சொன்னால்: யாரிடம் வாங்கி யாருக்கு விற்கிறீர்கள் என்பது முறையைத் தீர்மானிக்கிறது, இயந்திரம் எப்போது வருகிறது என்பது பதிவுத் தேதியைத் தீர்மானிக்கிறது.

## அந்த ஒரு பக்கம் எப்படி இருக்கும்?

அலங்காரம் எதுவும் வேண்டாம். செக்குக்காரர்களின் பக்கம் இப்படி இருக்கலாம்:

"அக்காவும் தம்பியும் கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) நடத்துகிறோம். நிறுவனத்துக்குத் தனி பான். இடம் அப்பாவுடையது, வீட்டு வரி ரசீது அவர் பெயரில், சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். செய்வது: எண்ணெய் உற்பத்தி, சில்லறை விற்பனை, கூலிக்கு ஆட்டுதல். விற்பது: கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பிண்ணாக்கு. மாத விற்பனை 3 லட்சம், இதில் கூலி 14,000. பாதி எண்ணெய் வாசலில், பாதி ஜிஎஸ்டி உள்ள கடைகளுக்கு. ஆறு மாதம் கழித்து பெங்களூருக்கும் அனுப்ப உத்தேசம். கடலை மண்டியில் பில்லோடு வாங்குகிறோம். செக்கு ஜூன் மாதம் வருகிறது. மே மாதமே விண்ணப்பிக்க வேண்டும். ரெகுலர் முறை."

இவ்வளவுதான். வங்கிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுப்பதாக இருந்தால் இதே எண்களை அங்கேயும் போடுங்கள். கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்று அங்கே மாதம் 8 லட்சம் விற்பதாக எழுதிவிட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்னில் 3 லட்சம் காட்டினால், அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி கேட்பது அந்த ரிட்டர்னைத்தான்.

## விண்ணப்பம் போகும் வழி

பான், கைபேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் கொடுத்தால் ஒரு தற்காலிக எண் வரும். அதை வைத்து ஆர்இஜி-01 என்ற படிவத்தின் மீதியை நிரப்ப வேண்டும். ஆதார் சரிபார்ப்பு நடக்கும். சிலரை மட்டும் சேவை மையத்துக்கு வரச் சொல்லிக் கைரேகை எடுப்பார்கள். உங்கள் விண்ணப்பம் மாநில வணிகவரித் துறைக்கும் போகலாம், மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் போகலாம்.

காகிதங்கள் சரியாக இருந்தால் 7 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று கணினி தேர்ந்தெடுத்தால் 30 நாள் வரை போகலாம். சந்தேகம் இருந்தால் ஆர்இஜி-03 என்ற நோட்டீஸ் வரும். 7 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் நீங்கள் எழுதி வைத்த பக்கம் மறுபடி உதவும். "இந்த இடத்தில் என்ன நடக்கிறது?" என்று கேட்டால் நாலு வரியில் பதில் தயாராக இருக்கும்.

அதிகாரி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் தவறான எண்ணம். மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பட்டியலில் உள்ள ஆவணங்களை மட்டும் கேட்க வேண்டும். "உங்கள் வீடு வேறு ஊரில் இருக்கிறதே", "இந்த இடத்தில் இந்தத் தொழில் எப்படி நடக்கும்" என்பது போன்ற ஊகக் கேள்விகளை எழுப்பக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

2025 நவம்பர் 1 முதல் ஒரு விரைவு வழியும் வந்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு விற்பதால் வரும் வரி மாதம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாது என்று நீங்களே கணித்துச் சொன்னால், 3 வேலை நாட்களில் எண் கிடைக்கும். இதிலும் குழம்புகிறார்கள். இரண்டரை லட்சம் என்பது விற்பனை இல்லை, வரி. 5 சதவீத எண்ணெய்க்கு இரண்டரை லட்சம் வரி வர வேண்டுமானால் மாதம் 50 லட்சத்துக்கு விற்க வேண்டும். நம் செக்கு கடைகளுக்குத் தருவது 1,24,000 ரூபாய் எண்ணெய், வரி 6,200. தாராளமாக இந்த வழியில் போகலாம். "நீங்களே கணித்துச் சொன்னால்" என்பதைக் கவனியுங்கள். கணிப்பு உங்கள் பக்கத்தில் முன்பே இருக்கிறது.

## எண் வந்த பிறகு

30 நாட்களுக்குள், அல்லது விற்பனை விவரத்தை முதன்முதலாகத் தாக்கல் செய்வதற்கு முன், எது முதலில் வருகிறதோ அதற்குள் வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும் என்பதால், வங்கிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

திட்டம் மாறும், அது இயல்பு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை பிடித்தீர்கள், குடோன் எடுத்தீர்கள், இன்னொரு பங்குதாரர் சேர்ந்தார் என்றால், மாறிய 15 நாட்களுக்குள் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். புதுப் பொருளின் எச்எஸ்என் எண்ணைச் சேர்ப்பது அதைவிட எளிது, அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

திருத்தத்தில் மாற்ற முடியாதவற்றில் முக்கியமானது பான். தனிநபர் தொழிலாக ஆரம்பித்து, பிறகு கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ மாற்றினால் பான் மாறும், ஜிஎஸ்டி எண்ணும் புதிதாக எடுக்க வேண்டும். தொழிலை அப்படியே மாற்றிக் கொடுக்கும்போது பழைய கணக்கில் மிச்சமிருக்கும் வரி வரவைப் புதிய எண்ணுக்குக் கொண்டுபோக ஐடிசி-02 என்ற படிவம் இருக்கிறது. அதைத் தாக்கல் செய்து முடித்த பிறகே பழைய எண்ணை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள்.